மீட்டர் குழியில் தண்ணீர் நிற்கிறதா? குடிநீருக்கு ஆபத்து

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. பதிவானது. அப்படிக் கொட்டும்போது ஏரிக்கரை தாங்குமா, தரைப்பாலம் நிற்குமா என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறோம். வாசலோரம் மண்ணுக்குள் இருக்கும் குடிநீர்க் குழியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தருமபுரி மாவட்டத்தின் அதியமான்கோட்டை போன்ற ஊர்களில் அந்தக் குழியைப் பார்த்தே ஆக வேண்டும். அதில் நிற்கும் அழுக்குத் தண்ணீர் மறுநாள் குடத்துக்குள் வந்துவிடக்கூடும்.

குழிக்குள் இருப்பது மீட்டராக இருக்கலாம். வெறும் வால்வாக இருக்கலாம். தண்ணீர் மேலே ஏறாத தெருக்களில் பள்ளம் தோண்டி அடியில் வைத்த குழாயாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஆபத்து ஒன்றுதான்.

தருமபுரியில் இது ஏன் பெரிய விஷயம்?

இந்த மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை ஏறும். முற்றினால் எலும்பும் மூட்டும் இறுகும். எலும்பைத் தாக்கும் இந்நோய் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இருப்பது 1937-லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது.

இதற்குத் தீர்வாகத்தான் ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாயில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013 மே மாதம் அது பயன்பாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்டது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த காவிரி நீர், கடைசி இரண்டு அடியில் ஒரு குழியில் கெட்டுப்போனால் என்ன நடக்கும்? குழாய் நீரில் நாற்றம் என்று மக்கள் மறுபடி போர் தண்ணீருக்குப் போவார்கள். ஃபுளோரைடும் திரும்பி வரும்.

குழி நீர் குழாய்க்குள் எப்படிப் போகிறது?

குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும்வரை, விரிசல் இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. டேங்க் ஆபரேட்டர் வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் விழுகிறது. மேட்டுப் பகுதிக் குழாயிலிருந்து நீர் பள்ளத்துக்கு இறங்கும்போது உள்ளே உறிஞ்சும் விசை உண்டாகிறது. அப்போது மூழ்கிக் கிடக்கும் ஜாயிண்ட், வாஷர், வால்வு எங்கே தளர்ந்திருந்தாலும் குழி நீர் அதன் வழியே உள்ளே ஏறும். யாராவது மோட்டாரை நேராகக் குடிநீர்க் குழாயில் மாட்டி இழுத்தால் இந்த உறிஞ்சல் இன்னும் கடுமையாகும். அவர் வீட்டுக் குழி நன்றாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக் குழியின் அழுக்கைத்தான் அவர் குடிப்பார்.

மீட்டர் கெட்டுவிடுமா?

பெரும்பாலும் கெடாது. வீடுகளுக்கான மீட்டர்களில் பல, எண்கள் உள்ள பகுதி தனியே மூடப்பட்டு, காந்த இணைப்பால் இயங்குபவை. மூழ்கினாலும் அளவு மாறாது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் மூடி தளர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். மீட்டரை நீங்களே கழற்றக் கூடாது.

முதலில் என்ன செய்வது?

குழிக்குள் மோட்டாரோ மின்கம்பியோ இருந்தால் மெயின் சுவிட்சை அணைக்காமல் அருகில் போகாதீர்கள். மின்கசிவு இருப்பதாகத் தோன்றினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழையுங்கள். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். தேளும் பாம்பும் ஒதுங்கும் இடம் அது. வாளியால் இறைத்து, சேற்றை அள்ளி எடுங்கள்.

பிறகு குழியைக் கவனியுங்கள். தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் குழி நிரம்பினால் அது குழாய்க் கசிவு. தண்ணீர் விடாத நேரத்திலும் ஊறினால் மழைநீர் அல்லது பக்கத்துச் சாக்கடை.

மீட்டர் இருந்தால் கசிவு எந்தப் பக்கம் என்பதையும் அறியலாம். தண்ணீர் வரும்போது வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மீட்டர் முகப்பில் உள்ள சிறு நட்சத்திரச் சக்கரத்தைப் பாருங்கள். அது சுழன்றால் கசிவு மீட்டருக்குப் பிறகு, அதாவது உங்கள் பக்கம். சுழலாமலே குழி நிரம்பினால் மீட்டருக்கு முன்னால். அதை ஊராட்சியிடம் சொல்ல வேண்டும். விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் போகிறது. ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கணக்கிடும் அளவே 55 லிட்டர்தான்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

குழி மூழ்கியிருந்தால், முதலில் வரும் நீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். தெளிந்து வந்த பிறகும் தளதளவென்று கொதிக்கவைத்தே குடியுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அதனால் "காய்ச்சிக் குடித்தால் போதும்" என்று போர் தண்ணீருக்கு மாறுவது தவறு. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்க வேண்டும். குளோரோஸ்கோப்பில் சோதித்துக் காட்டும்படி ஊராட்சியைக் கேளுங்கள். நீர் தேங்கிய குழியில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு

முடிந்தவரை மீட்டரையும் குழாயையும் தரைக்கு மேலே கொண்டுவாருங்கள். குழி தவிர்க்க முடியாதது என்றால், சுற்றுச்சுவரைத் தரைமட்டத்துக்கு மேல் அரை அடியாவது உயர்த்துங்கள். அடியில் ஜல்லி பரப்பி, மேலே இறுக்கமான மூடி போடுங்கள். சாக்கடைக் கால்வாயை ஒட்டிக் குழி இருக்கவே கூடாது.

மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது என்று மக்கள் சொல்வது உண்மை. அதற்காக அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தெருவாரியாக நேரம் பிரித்து வால்வு திறப்பதும், நேரடி மோட்டார் இணைப்புகளை அகற்றுவதும், கடைக்கோடி வீட்டுக்கும் அழுத்தம் கிடைக்கச் செய்வதும் ஊராட்சியின் கடமை. புகாரை ஊராட்சி செயலரிடம் எழுத்தில் கொடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் நல்லம்பள்ளி வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும், முதல்வரின் உதவி மையம் 1100-க்கும் செல்லுங்கள். அடுத்த கிராம சபையில் குடிநீர்க் குழிகளைக் கணக்கெடுக்கத் தீர்மானம் கேளுங்கள். இந்த மழைக்காலம் தொடங்கும் முன் உங்கள் வாசல் குழியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள்.