மதிய உணவுக்குப் பள்ளிக்கூடத்துக் கீரை

1982 ஜூலை 1 அன்று தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பகல் சோறு உறுதியாயிற்று. ஆனால் காய்கறி விலை ஏறினால் சாம்பாரில் காயைத் தேடத்தான் வேண்டும். கீரை குறைந்தால் வைட்டமின் ஏ குறையும். மாலைக்கண் அதனால்தான் வருகிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு வேறு எங்கிருந்து கீரை கிடைக்கும்?

பள்ளி வளாகத்தில் இரண்டு சென்ட் இடம் போதும். ஒரு சென்டில் அரைக்கீரை: 10 கிராம் விதையை மணலோடு கலந்து தூவவேண்டும். எறும்பு விதையை இழுத்துப்போகாமல் சாம்பல் தூவலாம். 25 நாளில் முதல் அறுப்பு. பிறகு வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். அரிசி, பருப்பு கழுவிய நீரைக் கீரைக்கு விடலாம். சோப்புத் தண்ணீர் கூடாது. பிள்ளைகள் தின்னும் கீரைக்குப் பூச்சிமருந்தும் கூடவே கூடாது.

மீதி இடத்தில் முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகத்தை ஆடிப்பட்டத்தில் ஒன்றரை அடிக் குழியில் தொழு உரமிட்டு ஊன்றலாம். மரத்துக்கு மரம் இரண்டரை மீட்டர் இடைவெளி வேண்டும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். கம்பளிப்புழு வந்தால் பல பள்ளிகளில் மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். அது பாவம். புழுக்கள் அடிமரத்தில் கூட்டமாக அடையும்போது, பிள்ளைகள் இல்லாத வேளையில் பெரியவர் ஒருவர் தீப்பந்தத்தால் பொசுக்கினால் முடிந்தது.

பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் சாவது மே மாதத்தில்தான். பள்ளி பூட்டிக் கிடக்கும். தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. ஆடு வேலியைத் தாண்டும். முருங்கை காய்த்துக் குலுங்குவதும் அதே மாதத்தில்தான். எனவே பங்குனியிலேயே தலைமையாசிரியரிடம் பேசி, பக்கத்துக் கிணற்றுக்காரர் ஒருவர் பொறுப்பேற்கலாம். வாரம் இரண்டு தடவை தண்ணீர் விட்டு, வேலிக்கு முள் வெட்டிப்போட்டால் போதும். அந்த மாதக் காயைத் துணையில்லாத முதியவர் வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு மரத்தைக் கவாத்து செய்யவேண்டும். நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். அதுவரை துளிர்க்கும் கீரை, திறந்த பள்ளியின் அடுப்புக்குப் போகும்.