மூழ்காத கப்பல்: பாரிஸ் நகரின் இலச்சினை

பாரிஸில் குடியேறிய நாள் முதல் நம் கண்ணிற் படும் சித்திரம் ஒன்றுண்டு. பாடசாலை வாயில்களிலும் நகரசபைக் கட்டடங்களிலும் பொறிக்கப்பட்ட பாய்மரக் கப்பலே அது. கடலில்லாத நகருக்குக் கப்பல் எவ்வாறு சின்னமாயிற்று?

இடைக்காலத்தில் சேன் நதி வாணிபத்தைத் தம் கையில் வைத்திருந்த வணிகர் சங்கத்தின் முத்திரை அது. அச்சங்கத்தின் தலைவர்களே காலப்போக்கில் நகர நிர்வாகிகளாயினர். அவர்தம் முத்திரையும் நகரின் இலச்சினையாயிற்று. சிவப்புப் பின்னணியில் வெள்ளிக் கப்பல். அதன்மேல் நீலப் பட்டையில் மன்னரின் பொன் லில்லி மலர்கள். 1790இல் புரட்சி அதனை ஒழித்தது. 1811இல் நெப்போலியன் லில்லிக்குப் பதிலாக மூன்று தேனீக்களை வைத்து மீட்டளித்தான். 1817இல் மன்னராட்சி மீண்டும் லில்லியைக் கொணர்ந்தது. ஆட்சிக்கேற்ப மேற்பகுதி மாறியது, கப்பல் மாறவில்லை.

"அலைகளால் அலைக்கழிக்கப்படினும் மூழ்குவதில்லை" எனப் பொருள்படும் இலத்தீன் வாசகத்தை 1853இல் ஓஸ்மான் நகரின் அதிகாரபூர்வ மகுடவாசகமாக்கினார். 2015 நவம்பர் தாக்குதல்களின் பின்னர் பாரிஸ் மக்கள் இவ்வாசகத்தையே வீதிகளில் எழுதித் தம் துயரை ஆற்றினர். நகரின் கொடி நீலமும் சிவப்பும் கொண்டது. 1789இல் இவ்விரு நிறங்களுடன் மன்னரின் வெள்ளை சேர்ந்தே நாட்டின் மூவர்ணம் பிறந்தது.

பிரான்சில் ஒவ்வொரு நகரசபையும் தன் இலச்சினையைத் தானே தீர்மானிக்கலாம். அரசின் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் அரசின் சின்னம் வேறு. பிரிபெக்சரிலிருந்து வரும் கடிதத்தில் மரியான் என்னும் பெண்ணின் முகத்தைக் காண்கிறோம். நகரசபைக் கடிதத்திலோ கப்பலைக் காண்கிறோம். வதிவிட அனுமதியை வழங்குவது முன்னையது. பிள்ளைகளின் பாடசாலைக் கட்டடத்தையும் மதிய உணவையும் கவனிப்பது பின்னையது. எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பதைக் கடிதத்தின் தலைப்பே நமக்குச் சொல்லிவிடும்.

எனினும் ஒன்றை நாம் மறைப்பதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை பெறாத நம்மவருக்கு அவ்வுரிமை இல்லை. இந்நகரின் உணவகங்களில் இரவுபகலாக உழைத்தும், கப்பலைச் செலுத்துவோரைத் தெரிவுசெய்யும் உரிமையின்றி நம்மிற் பலர் இருக்கின்றோம். இங்கு பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கோ அவ்வுரிமை கிட்டும். அலைகளைக் கடந்து வந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு அக்கப்பலின் கதையை இன்றே சொல்லிக்கொடுப்போம். நாளை அதனைச் செலுத்துவோரைத் தேர்ந்தெடுக்கப் போகின்றவர்கள் அவர்களே.