இருபது நிமிடம் போதுமாம்!

காலில் ஊசி ஏறியதும் ஓர் ஒளிப்பொட்டு புறப்படுகிறது. சில நொடிகளில் தொடையைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, இதயத்துக்குள் பாய்கிறது. நுரையீரல் இரண்டும் பளிச்சென்று எழும்புகின்றன. மீண்டும் இதயம். அடுத்ததாக மூளை, சிறுநீரகம், ஈரல் என்று முழு ஆளும் ஒளிர்கிறார்! கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் சைமன் செர்ரியும் ராம்சி படாவியும் தங்கள் குழுவோடு உருவாக்கிய ‘எக்ஸ்புளோரர்’ என்ற 194 செ.மீ. நீள பெட் (PET) ஸ்கேன் இயந்திரம் 2018இல் காட்டிய அசையும் படம் இது. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. உயிரோடிருக்கும் ஒருவருக்குள் மருந்து ஓடும் வழியை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே வேளையில் பார்ப்பதென்றால் சும்மாவா!

சரி, இயந்திரத்தின் பின்பக்கம் போய்ப் பார்ப்போம்.

ஏற்றியது ஒரு வகைச் சீனி. குளுக்கோசின் ஓரிடத்தில் புளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்திய எப்.டி.ஜி. அந்த அணு சிதையும்போது ஒரு பொசிட்ரோன் வெளியே வரும். சராசரியாக ஒரு மில்லிமீற்றர்கூடப் போயிருக்காது, அதற்குள் ஓர் இலத்திரனிடம் அகப்பட்டுவிடும். இரண்டும் அழிந்துபோக, அதே இடத்திலிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் பறக்கும். இயந்திர வளையத்தில் இரண்டு பளிங்குகள் ஒரே கணத்தில் மினுங்கினால், அவற்றை இணைக்கும் கோட்டில்தான் எங்கோ அந்தச் சீனி இருந்தது. இப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் சேர்ந்ததுதான் படம்.

வழக்கமான பெட் ஸ்கேனில் ஊசி போட்டு ஒரு மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் படம் பிடிப்பார்கள். சீனி எங்கே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் அது கலத்துக்குள் பூட்டுப்பட்டுவிட்டதா, இரத்தத்தோடு சும்மா ஓடித் திரிகிறதா என்று ஒற்றைப் படம் சொல்லாது. சீனி போகும் வேகத்தைப் பிடிக்கவேண்டுமென்றால் ஊசி ஏறிய கணத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நோயாளி ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ அசையாமல் கிடக்க வேண்டும். எலும்பில் நோய் பரவி முதுகு நோகும் ஒருவரை அப்படிக் கிடத்திவைப்பது கொடுமை.

இங்கேதான் எனக்குக் கைதட்டத் தோன்றும் இடம் வருகிறது. 1983இல் கிளிபோர்ட் பட்லக்கும் கூட்டாளிகளும் ஒரு வரைபைத் தந்தார்கள். இரத்தம் அதுவரை கொண்டுவந்த மருந்தின் மொத்தம் ஓர் அச்சில், இழையத்தில் தேங்கியது மற்ற அச்சில். இரண்டையும் அந்தந்த நேரத்து இரத்த அளவால் வகுத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் வளைந்து போகும் கோடு, கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து நேராகிவிடுகிறது! அதன் சரிவுதான் கலம் சீனியைப் பிடித்துவைக்கும் வேகம். நேர்கோட்டின் சரிவை அறிய அதன் வால் துண்டு போதுமே! ஊசிக்குப் பின் 40ஆம் நிமிடத்திலிருந்து 60 வரை, வெறும் 20 நிமிடம் படம் பிடித்தால் சரி. விடுபட்ட தொடக்கத்துக்கு, முன்பு முழுநேரம் படுத்தவர்களின் சராசரி இரத்தக் கோட்டை இரவல் வாங்கி, இந்த நோயாளியின் பெருநாடியில் இப்போது தெரியும் அளவுக்கு ஏற்றபடி கூட்டியோ குறைத்தோ பொருத்துகிறார்கள். சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரத்தில் 106 செ.மீ. இயந்திரத்தோடு வேலை செய்யும் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வேறு வழிகளும் உண்டு: தொடக்கத்தில் சில நிமிடம், பிறகு எழும்பி நடந்துவிட்டு வந்து கடைசியில் சில நிமிடம் படுப்பது அதில் ஒன்று.

இதில் யாழ்ப்பாணத்துக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது! இங்கே ஒரு பெட் இயந்திரம் வந்தாலும் மருந்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். புளோரின்-18இன் அரைவாழ்வு ஏறக்குறைய 110 நிமிடம். கொழும்பிலிருந்து ஏழு மணித்தியாலத்தில் வீதியால் கொண்டுவந்தால் நூற்றில் ஏழு பங்குதான் மிஞ்சும். சென்னையில் ஆய்வுகூட வாசலிலிருந்து பலாலி விமான நிலையம் வழியாக மூன்று மணித்தியாலத்தில் கொண்டுவர முடிந்தால் 32 பங்கு மிஞ்சும். வந்து சேர்ந்த பிறகும் அது காத்திருக்காது. ஒருவர் கட்டிலில் ஒரு மணித்தியாலம் படுத்தால், நான்காவது ஆளுக்கு ஊசி போடும்போது புட்டியில் இருப்பது மூன்றில் ஒரு பங்குதான். தலைக்கு 20 நிமிடம் என்றாலோ நூற்றுக்கு 68! கட்டிலில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் வெளியே வாங்கில் இருப்பவரின் மருந்து.

விமானத்தில் மருந்து வருவதொன்றும் கனவல்ல. மனிதருக்குள் எப்.டி.ஜி. முதன்முதலாக ஏறிய 1976 ஓகஸ்டிலேயே, புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் செய்து விமானத்தில் பிலடெல்பியாவுக்கு அனுப்பித்தான் ஏற்றினார்கள்.

இயந்திரத்துக்குக் காசு? 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து சேர்த்த நிதியில் எழும்பியதுதான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. 2016இல் மகரகம வைத்தியசாலைக்கு பெட் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேஷன் 20 கோடி ரூபாய் கேட்டபோது நாடே அள்ளிக் கொடுத்தது. தெற்கின் கால்கள் வடக்குக்காக நடந்த நாடு இது. தெல்லிப்பழையிலிருந்து பலாலி ஓடுபாதை சில கிலோமீற்றர்தான் என்பதை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. இரவல் கோடு யாருடையது? வெளிநாட்டில் அளந்த உடம்புகளின் சராசரி, நீரிழிவும் சிறுநீரக நோயும் மலிந்த நம்மவருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இணங்கும் சிலரையாவது முழு மணித்தியாலமும் படுக்கவைத்து, நம்மவரின் கோட்டை நாமே வரைய வேண்டும். சாதாரண நீள இயந்திரத்திலும் முடியும்: முதல் சில நிமிடம் இதயத்தின்மேல் நிறுத்திவைத்துவிட்டு, பிறகு தலை முதல் தொடை வரை திரும்பத் திரும்ப ஓட்டலாம். அதை மகரகமவில் இப்போதே தொடங்கட்டும். தெல்லிப்பழையில் கட்டில் வந்து இறங்கும் நாளில் நம்முடைய கோடு கையில் இருக்க வேண்டும்.