கழுகுமலையில் ஒரு படக்கதை

தூத்துக்குடி என்றதும் துறைமுகமும் உப்பளமும் முத்துக்குளிப்பும்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில், கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் கழுகுமலை இருக்கிறது. கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில், பாண்டியர் காலத்துச் சமணர்கள் அங்கே பாறையில் செதுக்கி வைத்தவற்றில் இரக்கத்தின் கதைகளும் உண்டு.

வரிசை வரிசையாகச் சமண ஞானிகளான தீர்த்தங்கரர்கள். அவர்களிடையே ஒயிலாக நிற்கிறாள் அம்பிகா என்னும் இயக்கி, அதாவது காவல் தெய்வம். தமிழ்ச் சமணர்களுக்கு அவள் தருமதேவி. ஒருபுறம் சிங்கம், மறுபுறம் கையை உயர்த்தியபடி ஓர் ஆண், கூடவே பிள்ளைகள்.

கதைப்படி, திதிக்குச் சமைத்த சோற்றை, வாசலுக்கு வந்த சமணத் துறவிக்கு எடுத்துப் போட்டவள் அவள். சடங்கு முடியுமுன் கொடுத்துவிட்டாளே என்று கணவன் வீட்டைவிட்டே துரத்தினான். பிள்ளைகளோடு போனவளுக்கு மாமரம் பழம் தந்தது, வற்றிய குளம் நிறைந்தது. பின்னர் அவள் இயக்கியானாள். கணவன் மறுபிறவியில் சிங்கமாகி அவளுக்கே வாகனமானான்.

சோறிடும் காட்சியைச் சிற்பி செதுக்கவில்லை. கையை உயர்த்தி நிற்பவன் அந்தக் கணவனே என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படியானால் துரத்தியவனும் சிங்கமும் ஒருவனே. ஒரே படத்தில் இரண்டு முறை வருகிறான். பார்க்கும் பிள்ளை “இது யாரு?” என்று கேட்காமல் இருக்க முடியாது. கேட்டால் பெரியவர்கள் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் கண்ணுக்கு, அந்தச் சிற்பியின் பெரிய சாமர்த்தியம் இதுதான்.

தீர்த்தங்கரரான பார்சுவநாதரின் சிற்பத்திலும் இதே உத்தி. எரியும் கட்டைக்குள் சிக்கிய பாம்புகளுக்கு இரங்கியவர் அவர். அவற்றில் ஒன்று தரணேந்திரனாகப் பிறந்து, பகைவன் கமடன் பாறையை வீசும்போது படம் விரித்துக் காக்கிறது. மேலே பாறையோடு நிற்கும் கமடனே கீழே காலடியில் பணிந்தும் இருக்கிறான். கட்டம் பிரிக்காமலே முன்னும் பின்னும் சொல்லியாகிவிட்டது.

சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் சுமார் 100 கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் நீதிபோதனை இல்லை, செய்வித்தவர்களின் பெயர்தான். குயவர், தச்சர், கொல்லர், குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியர் என்று பலர் அவற்றில் வருகிறார்கள். இரக்கத்தைப் படமாக்கிப் பார்க்க விரும்பியவர்கள் அரசர்கள் மட்டுமல்லர்.

கழுகுமலைக்குப் போகிறவர்கள் அங்கே பாறையில் குடைந்த வெட்டுவான் கோயிலைப் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். பிள்ளைகளை அம்பிகாவின் முன்னால் நிறுத்துங்கள். கதையை நீங்களாக ஆரம்பிக்காமல், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருங்கள்.