பாட்டியை உட்கார வைக்காதீர்கள்

ஜொகூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் இன்று எழுபதைக் கடந்து வாழும் தமிழ்ப் பெண்களில் பலர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே பால்மரக்காடு கண்முன் நிற்கும். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் நானூறு ஐந்நூறு மரங்களைச் சீவி, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து மேடும் பள்ளமுமாக நடந்தவர்கள் அவர்கள். வீடு திரும்பினால் துணி, சமையல், பிள்ளைகள், ஆடு மாடு. உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைத்தால் அது தீபாவளி.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான்கள் எனும் குடியிருப்புகள் வந்தன. குடும்பங்கள் மாசாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் ஸ்கூடாய்க்கும் பெயர்ந்தன. மகனும் மருமகளும் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். நான்காவது மாடியில் பாட்டியும் தொலைக்காட்சியும் மட்டும். “நீங்க உழைச்சது போதும்மா, உட்காருங்க” என்று பிள்ளைகள் சொல்வதில் அன்பு இருக்கிறது, நன்றி இருக்கிறது. ஆனால் அந்த அன்பு தாயின் மூளைக்கு நல்லது செய்யவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்திருக்கிறேன்.

மலேசியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு எட்டரைப் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருக்கக்கூடும் என்று 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கணக்கிட்டது. நம் வீடுகளில் அதை நோயாகப் பார்ப்பதே அரிது. “வயசாயிடுச்சு, மறக்கத்தான் செய்யும்” என்று விட்டுவிடுகிறோம். அடுப்பை அணைக்க மறப்பது, பேரனை மகன் பெயரால் அழைப்பது, பழகிய கடைக்குப் போய்விட்டு வழி தெரியாமல் நிற்பது என்று கொஞ்சம் கொஞ்சமாக முற்றிய பிறகுதான் மருத்துவரிடம் போகிறோம்.

முதுமையில் வரும் மறதி பற்றிய ஆய்வுகளில் ஜொகூருக்கு ஓர் இடம் உண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுசானா ஷஹார் தலைமையில், மூத்தோரின் அறிவாற்றலைத் தொடர்ந்து கவனிக்கும் ஒரு பெரிய ஆய்வு 2012இல் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்த நான்கு மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. பேராக், சிலாங்கூர், கிளந்தான் மாநிலங்களோடு சேர்த்து மொத்தம் 2,322 முதியோர் அதில் இடம்பெற்றனர். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள், யாரோடு பழகுகிறார்கள், எதை நினைவில் வைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு அது. மூளையின் நலம் மூளைக்குள் மட்டும் தீர்மானமாவதில்லை என்பதே அந்த அணுகுமுறையின் அடிப்படை.

உடல் அசைவுக்கும் நினைவாற்றலுக்கும் என்ன தொடர்பு? அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். ஒரு பிரிவினர் வாரத்தில் மூன்று நாள், நாற்பது நிமிடம் வரை விறுவிறுப்பாக நடந்தார்கள். மற்றவர்கள் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சியை மட்டும் செய்தார்கள். நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, நடந்தவர்களுக்கு 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்கு அது 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. 2011இல் வெளியான இந்த முடிவு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அதுவரை, முதுமையில் சுருங்கும் மூளை சுருங்கியபடியேதான் போகும் என்றே நம்பியிருந்தோம்.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. பிரிட்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை ஏறக்குறைய 28 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. நடுவயதின் உடற்பயிற்சி பிற்கால மறதி நோயைத் தடுத்ததாக அதில் தெரியவில்லை. மாறாக, நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் ஒன்பது ஆண்டுகள் முன்பே நோய் வந்தவர்களின் நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. அதாவது நடக்காததால் நோய் வந்ததா, நோயின் ஆரம்பமே நடையைக் குறைத்ததா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. நடந்தால் மறதி வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இதிலிருந்தும் நமக்கு ஒரு பாடம் உண்டு. எப்போதும் கோயிலுக்கு நடந்துபோகும் தாத்தா காரணமில்லாமல் நடையைக் குறைத்தால், சோம்பல் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

“தோட்டத்தில் உழைத்த உழைப்பே போதாதா?” என்று பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பதில் மனத்தைக் கஷ்டப்படுத்தும். நார்வேயில் 2023இல் வெளியான ஓர் ஆய்வில், பல ஆண்டுகள் கடும் உடலுழைப்பு வேலையில் இருந்தவர்களிடம் முதுமையில் அறிவாற்றல் குறைபாடு அதிகமாகவே காணப்பட்டது. நினைத்தபோது ஓய்வெடுக்க முடியாத, எதையும் தானாகத் தீர்மானிக்க முடியாத வேலைகள் அவை என்பதை ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கங்காணியின் குரலுக்கு நடந்த நடை வேறு, மனம் விரும்பி மாலையில் நடக்கும் நடை வேறு. அன்றைய உழைப்பு இபிஎஃப் சேமநிதிப் பணம் போல முதுமைக்குச் சேர்ந்து நிற்பதும் இல்லை.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், தவிர்க்கக்கூடிய பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டு, உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோய் அவற்றோடு தொடர்புடையது என்றது. சிறுவயதில் குறைந்த கல்வி, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, தனிமை, கேட்கும் திறன் குறைதல், உடல் அசைவின்மை எல்லாம் அதில் வருகின்றன. இவற்றை நம் அடுக்குமாடிப் பாட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டப் பள்ளியில் சில வகுப்புகளோடு படிப்பு நின்றது. நீரிழிவு மலேசிய இந்தியர்களிடம்தான் மிக அதிகம். 2019இன் தேசிய ஆய்வில் நம் வயதுவந்தோரில் 31.4 சதவீதத்தினருக்கு அது இருந்தது. பகலெல்லாம் தனிமை. படிப்பை இனித் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் நடை ஒன்று கூடினால் இரத்தச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, தனிமை மூன்றும் சேர்ந்து குறைய வழியுண்டு. எனக்கு இதுதான் வலுவான காரணமாகப் படுகிறது.

எவ்வளவு நடப்பது? உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. பத்தாயிரம் அடி எண்ணி மலைக்க வேண்டாம். பிரிட்டனில் 78,000க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கணக்கில், நாளுக்கு 3,800 அடி அளவில் நடந்தவர்களுக்கே மறதி நோய் வாய்ப்பு கால் பங்கு குறைந்திருந்தது. கீழ்மாடிக்கு இறங்கி, கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கி, தெரிந்தவரிடம் நாலு வார்த்தை பேசித் திரும்பினாலே அதில் ஒரு பகுதி முடிந்துவிடும்.

“விழுந்துட்டா என்ன செய்றது?” என்பது பிள்ளைகளின் பயம். உடைந்த நடைபாதை, திறந்த சாக்கடை, தெருநாய், கைப்பை பறிப்பவன், பத்து மணிக்கே சுடும் வெயில் எல்லாம் உண்மைதான். ஆனால் உட்கார்ந்தே இருப்பவரின் தொடைத்தசை கரைந்து, அவர்தான் சீக்கிரம் விழுவார். அதனால்தான் நடையோடு, தசைக்கும் சமநிலைக்குமான பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறார்கள். கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது போன்றவற்றை வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

நடனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைக் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், உடல் சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனம் மட்டுமே குறைவான மறதி நோயோடு தொடர்பு காட்டியது. அடவை நினைவில் வைக்க வேண்டும், தாளம் கேட்க வேண்டும், பக்கத்தில் ஆடுபவரைக் கவனிக்க வேண்டும். காலையில் ஜொகூர் பாருவின் பூங்காக்களுக்குப் போனால் சீன மூதாட்டிகள் வரிசையாக நின்று பாட்டுக்கு ஆடுவதைக் காணலாம். நம் பெண்களை அங்கே காண்பது அரிது. கும்மியும் கோலாட்டமும் நமக்குத் தெரியாதவையா? தோட்டத்துத் திருவிழாக்களில் ஆடியவர்கள்தானே இவர்கள்? பாட்டு மறந்திருந்தாலும் கால் மறந்திருக்காது.

சமூக நலத்துறை அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு நடவடிக்கை மையங்கள் நடத்துகிறது. அரசு கிளினிக்குகளில் மூத்த குடிமக்கள் மன்றங்கள் உள்ளன. ஆனால் தனியாகப் பேருந்து ஏறவோ, மலாயில் தயங்காமல் பேசவோ முடியாத பாட்டி அங்கே போய்ச் சேருவது கடினம். அவர் தயங்காமல் போகும் ஒரே பொது இடம் கோயில். தாமானுக்குத் தாமான் கோயில் கட்டி, மண்டபமும் எழுப்பியிருக்கிறோம். கல்யாணமோ திருவிழாவோ இல்லாத வாரநாள் காலைகளில் அந்த மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. மின்விசிறி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ராஜகோபுர நிதியைப் பற்றிப் பேசும் முன், செவ்வாயும் வியாழனும் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை மண்டபத்தைப் பெரியவர்களுக்குத் திறந்துவிடும்படி யாராவது ஒருவர் தீர்மானம் கொண்டுவர வேண்டும். பயிற்சி சொல்லித்தர அருகிலுள்ள கிளினிக்கைக் கேட்கலாம். வீட்டிலிருந்து கூட்டிவர, கார் வைத்திருக்கும் இளைஞர் இரண்டு பேர் போதும்.