குதிகால் அறுவை சிகிச்சை: தையலும் தோலும் ஏன் முக்கியம்?

சாரத்திலிருந்து தவறும் கொத்தனார், ஏணியிலிருந்து சறுக்கும் பெயிண்டர், மரமேறும் தொழிலாளி என உயரத்திலிருந்து விழுந்து காலை ஊன்றுபவர்களுக்குக் குதிகால் எலும்பு நொறுங்குவதுண்டு. பிளேட் வைத்தால் சரியாகிவிடும் என்று குடும்பம் நம்புகிறது. ஆனால் இந்த அறுவை சிகிச்சையில் பலரை மீண்டும் மருத்துவமனைக்கு அலையவைப்பது எலும்பு அல்ல, ஆறாத தோல்.

குதிகாலின் வெளிப்புறத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதைப்பற்று மிகக் குறைவு. அங்கே ‘எல்’ வடிவில் கீறி, தோலை மடல்போலத் தூக்கிப் பலருக்குப் பிளேட் பொருத்துகிறார்கள். அந்த மடலின் மூலைக்கு ரத்தம் தருவது ஒரு சிறிய தமனி. அந்த ஓட்டம் குறைந்தால் மூலை கறுக்கும், தையல் பிரியும், சீழ் பிடிக்கும். சிலருக்குப் பிளேட்டையே எடுக்க நேரிடும்.

தையலின் பங்கு இங்கேதான் வருகிறது. இறுக்கிப் போட்ட தையல் தோலின் ஓரத்தை நெரித்து ரத்தத்தைத் தடுக்கும். அதனால் முதலில் அடித்திசுவைத் தைத்து இழுவையைக் குறைத்து, இரு முனைகளிலிருந்தும் மூலையை நோக்கி மேல்தையல் போடுவார்கள். ‘அல்கோவர்–டொனாட்டி’ முறையில் ஊசி ஒரு பக்கத் தோலை மட்டுமே துளைக்கும். மடல் பக்கத்தில் தோலின் மேற்பரப்பைத் துளைக்காமல் உள்ளுக்குள்ளேயே சென்று திரும்பும். விலங்குகளில் ரத்த ஓட்டத்தை அளந்த ஆய்வில், மற்றத் தையல்களைவிட இது ஓட்டத்தைக் குறைவாகவே பாதித்தது.

எவ்வளவு நல்ல தையலும் வீங்கிய தோலில் நிற்காது. அதனால்தான் தோலில் சுருக்கம் தெரியும்வரை, பொதுவாக 7 முதல் 14 நாட்கள், மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். “ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை?” என்று அவசரப்படுத்தாதீர்கள். அந்த நாட்களில் காலை உயர்த்தி வையுங்கள். எலும்பு வெளியே தெரிந்தாலோ, உடைந்த துண்டு குதிகாலின் பின்தோலை உள்ளிருந்து அழுத்தினாலோ மட்டும் தாமதம் கூடாது. அது அவசர சிகிச்சை.

புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் புண் ஆறுவதைக் கெடுக்கும். பீடி, சிகரெட்டை உடனே நிறுத்துங்கள். மருத்துவரிடம் இவற்றை மறைக்காதீர்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்: அறுவை சிகிச்சை அவசியமா? சிறிய கீறலில் செய்ய முடியுமா? என் தோல் தயாரா? பிரிட்டனில் 151 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வலியிலும் நடையிலும் பிளேட் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிக்கல்களோ பிளேட் வைத்தவர்களுக்கே அதிகம். எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது. ஆனால் இந்தக் கேள்விகளைக் கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சையின் பலன், ஆபத்து, மாற்றுவழி ஆகியவற்றை விளக்கிய பின்பே சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வீடு திரும்பிய பின், மருத்துவர் சொல்லும்வரை அந்தக் காலை ஊன்றாதீர்கள். தையல் பிரிக்க மூன்று வாரம் ஆனாலும் பதற வேண்டாம். தையல் ஓரம் கறுத்தால், நீர் அல்லது சீழ் வடிந்தால், காய்ச்சலோடு வலி கூடினால் அன்றே போய்க் காட்டுங்கள்.

புண் ஆறாததெல்லாம் அலட்சியம் ஆகாது. கவனமான சிகிச்சையிலும் அது நேரலாம். ஆனால் ஆபத்தைச் சொல்லாமல் விட்டதாலோ, சீழைக் காட்டியும் கவனிக்காததாலோ பாதிப்பு வந்தால் வழி உண்டு. சிகிச்சைப் பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. கட்டணம் கொடுத்த சிகிச்சை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். மருத்துவரின் நடத்தை குறித்து மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். வேலையின்போது விழுந்தவர்கள் முதலாளியிடம் இழப்பீடு கோரவும் சட்டம் இடம் தருகிறது. டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, பில், புண்ணின் தேதியிட்ட படங்கள் எதையும் தூக்கி எறியாதீர்கள்.