முள்ளெலும்பு நழுவல்

முள்ளெலும்பு நழுவல் (ஸ்பாண்டிலோலிஸ்தீசிஸ்) என்பது முதுகெலும்புத் தொடரில் ஒரு முள்ளெலும்பு தனக்குக் கீழுள்ள எலும்பின் மீது, பெரும்பாலும் முன்னோக்கி, விலகி நிற்கும் நிலையாகும். இது பொதுவாகக் கீழ்முதுகில் காணப்படுகின்றது. பேச்சுவழக்கில் "டிஸ்க் விலகல்", "ஜவ்வு விலகல்" எனப்படுவது வேறு. அதில் இரு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்குகின்றது. இங்கு எலும்பே இடம் மாறுகின்றது. பெயர் அச்சமூட்டினாலும், நழுவல் உள்ள பலருக்கு அறிகுறிகள் எவையும் இருப்பதில்லை. வலி உள்ளவர்களிலும் பெரும்பாலானோருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

வரலாறு

1782இல் பெல்சிய மகப்பேறு மருத்துவர் எர்பினியோ, பிரசவப் பாதையை மறிக்கும் எலும்புப் புடைப்பாக இதை விவரித்தார். முள்ளெலும்பு, வழுக்குதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1854இல் செருமானிய மருத்துவர் கிலியன் இதற்குப் பெயரிட்டார்.

காரணங்கள்

முள்ளெலும்பின் பின்புறத்தில் மேல், கீழ் மூட்டு முனைகளை இணைக்கும் ஒடுங்கிய எலும்புப் பாலம் ஒன்று உள்ளது. இளம் வயதில் திரும்பத் திரும்ப ஏற்படும் அழுத்தத்தால் இதில் விரிசல் விழலாம். இரு பக்கமும் விரிசல் விழுந்தால் எலும்பு முன்னோக்கி நழுவக்கூடும். ஐந்தாம் நாரி முள்ளெலும்பு திருவெலும்பின் மீது நழுவுவதே இவ்வகையில் அதிகம். வேகப்பந்து வீச்சாளர்களிடமும் சீருடற்பயிற்சியாளர்களிடமும் இவ்விரிசல் மிகுதி. ஒருபோதும் நடந்திராத 143 பேரை ஆராய்ந்த 1981ஆம் ஆண்டு ஆய்வில் ஒருவருக்கும் இது காணப்படவில்லை. நிமிர்ந்து நடப்பதன் பங்கை இது காட்டுகின்றது.

மற்றொரு முக்கிய வகை, 50 வயதுக்குப் பின் மூட்டுகளும் தட்டும் தேய்வதால் உண்டாவது. இது பெண்களிடம் கூடுதலாகவும், பெரும்பாலும் நான்காம் நாரி முள்ளெலும்பிலும் ஏற்படுகின்றது.

அறிகுறிகளும் அளவீடும்

கீழ்முதுகு வலி, தொடையின் பின்தசை இறுக்கம், காலுக்குப் பரவும் வலி, மரத்துப்போதல் ஆகியன முக்கிய அறிகுறிகள். தேய்வு வகையில், நடக்கும்போது கால் வலித்து, உட்கார்ந்தால் அல்லது முன்குனிந்தால் தணியும். நின்ற நிலையில் எடுக்கும் ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்ரே) நழுவலைக் காட்டும். நரம்பு நெருக்கத்தை அறிய எம்.ஆர்.ஐ. உதவும். 1932இல் மேயர்டிங் வகுத்த முறைப்படி, 25 விழுக்காடு வரையிலான நழுவல் முதல் தரம். 50 வரை இரண்டாம் தரம். 75 வரை மூன்றாம் தரம். 100 வரை நான்காம் தரம்.

சிகிச்சை

வலியை மிகுவிக்கும் பளு தூக்கல், முதுகைப் பின்வளைத்தல் ஆகியவற்றைச் சில காலம் தவிர்த்தல், வலி நிவாரணிகள், வயிற்று, முதுகுத் தசைகளை வலுவாக்கும் இயன்முறைப் பயிற்சி ஆகியன முதற்கட்டச் சிகிச்சையாகும். நெடுநாள் படுக்கை ஓய்வு தசைகளை நலிவடையச் செய்யும். தடவியோ அழுத்தியோ எலும்பை உள்ளே தள்ள இயலாது. அமெரிக்காவில் 500 பள்ளிக் குழந்தைகளிடம் தொடங்கி, விரிசல் கண்டவர்களை 45 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், நழுவல் வளரும் வேகம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறைந்தது. எவருக்கும் அது 40 விழுக்காட்டை எட்டவில்லை.

மாதக்கணக்கில் தணியாத கால்வலி, நரம்பு பலவீனம், வளரிளம் பருவத்தினரின் உயர்தர நழுவல் ஆகியவற்றில் அறுவைச் சிகிச்சை பரிசீலிக்கப்படும். நரம்பின் மீதான அழுத்தத்தை நீக்குதல் ஒரு முறை. அத்துடன் திருகாணி, தண்டு, எலும்பு ஒட்டு கொண்டு முள்ளெலும்புகளை இணைத்தல் மற்றொன்று. 2021இல் வெளியான நோர்வே ஆய்வில், தேய்வு வகை நழுவல் உள்ள 267 பேரிடம், அழுத்தம் நீக்கல் மட்டுமே செய்தபோதும் இரண்டாண்டு முடிவில் பலன் குறைவாக இருக்கவில்லை.

அவசர நிலை

சிறுநீர் அடைபடல், சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடு இழத்தல், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்வின்மை, கால்கள் விரைந்து பலவீனமடைதல் ஆகியன நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறிகளாகும். இவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதம் நிரந்தர இழப்பை ஏற்படுத்தலாம். விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி, சிங்கவரம் பகுதி மக்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனைகளாகும். அவசர ஊர்தியை 108 என்ற எண்ணில் அழைக்கலாம்.